இன்னும் ஒரு சின்ன வேலை

பினாங்கில் ஜெலுத்தோங் பக்கமோ ஆயர் ஈத்தாம் பக்கமோ, வரிசை வீடு ஒன்றின் போர்ச்சில் கென்வாஸ் போர்த்திய கார் மாதக்கணக்கில் நின்றால், உள்ளே இந்த அங்கிள் இருக்கிறார் என்று பொருள். 55 வயதில் இபிஎஃப் பணம் கைக்கு வந்தது. அடுத்த மாதமே பழைய எம்ஜிபி வந்துவிட்டது. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய ஸ்போர்ட்ஸ் கார். அத்தனையிலும் உருப்படியாக வந்தது தன்னுடையது ஒன்றுதான் என்பார். மற்றவை ஓடிக்கொண்டிருந்தன என்பது வேறு விஷயம்.

1798 சிசி எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சேர்த்தாயிற்று. எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியைத் திருப்பினார். கார்புரேட்டர் வழியே 'டொப்'பென்று ஒரு வெடி. பக்கத்து வீட்டுப் பூனை அன்றோடு ஊரை மாற்றிக்கொண்டது.

முதல் சிலிண்டரில் பிஸ்டன் உச்சிக்கு வந்த நேரம் பார்த்துத்தான் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தியிருந்தார். ஆனால் பிஸ்டன் ஒரு முழுச் சுழற்சிக்குள் இரண்டு தடவை உச்சிக்கு வரும்: ஒரு முறை பெட்ரோல் காற்றை அமுக்கிக்கொண்டு, மறுமுறை புகையை வெளியே தள்ளிக்கொண்டு. அங்கிள் பிடித்தது இரண்டாவதை. 1-3-4-2 என்று வரவேண்டிய பொறிகள் ஆளில்லாத வீடுகளாகப் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. பிளக் வயர்கள் ஒவ்வொன்றையும் இரண்டு இடம் தள்ளிச் செருகினால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. சொல்லிப் பாருங்கள். "அது ஏமாத்து வேலைலா தம்பி. முறையாச் செய்யணும்" என்று அடியிலுள்ள பல்சக்கரத்தையே உருவிவிட்டார்.

வால்வு இடைவெளி விஷயத்தில் மட்டும் அவர் தவறியதில்லை. 0.015 அங்குலம். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்தால் இரண்டாவதை. கூட்டிப் பார்த்தால் எப்போதும் ஒன்பது. வெள்ளைக்காரன் நவக்கிரகத்தைப் பார்த்துத்தான் இந்த எஞ்சினைச் செய்தான் என்று கோயில் கமிட்டிக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானமாக நிறைவேற்றவும் முயன்றிருக்கிறார்.

பெரிய சங்கதி தகரத் தட்டுதான். உள்ளங்கையளவு, மெலிசு, நடுவில் ஓட்டை. எஞ்சின் ஓட ஆரம்பித்த வாரத்தில் ஆன்ட்டி அதன்மேல் தேத்தாரிக் கிளாஸை வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, இது எதுல உள்ளது?"

"அது ஸ்பேர்."

சொல்லிவிட்டாரே தவிர, தேநீர் இறங்கவில்லை. டைமிங் செயின் மூடிக்குள், கிராங்க் முனையில், எண்ணெயைச் சீலுக்குப் போகவிடாமல் வீசியடிக்க வேண்டிய தட்டு அது. முன்பக்கம் ஏன் எண்ணெய் ஒழுகுகிறது என்பது விளங்கிவிட்டது. அதுவரை ஒழுகலுக்குக் காரணம் கேஸ்கெட் விற்றவன், பினாங்கு வெயில், மலிவு எண்ணெய் என்று பட்டியல் வைத்திருந்தார். அதில் அவர் பெயர் இல்லை. இனியும் வராது. "புத்தகத்துல படம் சின்னதாப் போட்டுட்டான்லா!"

ரேடியேட்டரைக் கழற்றி, புல்லியைக் கழற்றி, மூடியைத் திறந்து தட்டைப் போட்டார். அதில் 'எஃப்' என்று ஓர் எழுத்து இருக்கும். அது வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். மூடியை இறுக்கி, தண்ணீர் ஊற்றி முடித்த பிறகுதான் அது எந்தப் பக்கம் பார்த்தது என்ற சந்தேகம் வந்தது. மறுபடியும் ரேடியேட்டர். உள்ளே பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. முகத்தில் லேசான ஏமாற்றம்.

இங்கேதான் ஆளைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுவதற்காக அவர் எஞ்சினைப் பிரிக்கவில்லை. பிரிப்பதற்காகத்தான் அவ்வப்போது ஓட்டுகிறார். ஒருமுறை தெலுக் பஹாங் வரை போய்த் திரும்பியது கார். பத்து பெரிங்கி வளைவுகளில் ஒரு இருமல் இல்லை, வீடு வந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அங்கிள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் 'டிக்'கென்று ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். வேறு யார் காதிலும் விழவில்லை. ஸ்பேனர் பெட்டி வெளியே வந்தது. அன்று நாசி கண்டார் இரண்டு தட்டு.

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் இவரைப் போலவே இன்னும் நாலு பேர் உண்டு. யாருடைய கார் என்றாலும் நோய் தெரியும், தங்களுடையதைத் தவிர. கூடிப் பேசிவிட்டு ஆளுக்கொரு பழைய ஸ்பேனருடன் வீடு திரும்புவார்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு இந்தக் காரில்தான் போகிறோம் என்று ஆன்ட்டிக்கு வருஷா வருஷம் வாக்குக் கொடுப்பார். ஆன்ட்டியும் தலையாட்டிவிட்டு முதல்நாளே மருமகனுக்குப் போன் போட்டுவிடுவார்.

உங்களையும் ஒரு நாள், "வா தம்பி, ஒரு ரவுண்டு போகலாம்" என்று கூப்பிடுவார். கட்டாயம் போங்கள், நல்ல மனுஷர், வழியெல்லாம் கதை சொல்வார். செருப்பு மட்டும் வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தள்ளும்போது செருப்பு வழுக்கும்.