பிறவிக்குப் பிறவி யார் வருவது?

கேள்வி: செத்த பிறகும் உணர்வு தொடருமா? உலகமே மாயை என்கிறார்களே? (வாசகர், கட்டுகஸ்தோட்டை)

பதில்: மாயை வேண்டுமென்றால் கண்டி வாவியோரம் போங்கள். 1958இல் தொடங்கிய பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பேராதனையில் பாளி கற்பித்துவிட்டுத் துறவு பூண்ட கட்டுகுருந்தே ஞானநந்த தேரரின் நூலை 1974இல் வெளியிட்டது. அந்த நூலின்படி, உணர்வு என்பது மந்திரவாதி காட்டும் வித்தை. நாம் வாய்பிளந்து பார்க்கும் கூட்டம்.

செத்த பிறகு உணர்வு தொடர்வதற்கோ கொத்மலைப் பக்கம் ஒரு கதை உண்டு. தலவாக்கலையில் 1954இல் இறந்த பையன் தான்தான் என்றாள் ஒரு சிறுமி. அமெரிக்காவிலிருந்து மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1961இல் வந்து, வீடு வீடாக விசாரித்து, 1966இல் புத்தகத்தில் சேர்த்தார். நிரூபித்துவிட்டேன் என்று அவரே மார்தட்டவில்லை, நமக்கென்ன அவசரம்?

இதில் வேடிக்கை, மறுபிறப்பை ஏற்ற புத்தரே, இதே உணர்வுதான் பிறவிதோறும் ஓடுகிறது என்ற ஸாதி பிக்குவைக் கூப்பிட்டுக் கண்டித்ததாகப் பாளி சூத்திரம் சொல்கிறது. மீனவர் மகனான அந்த பிக்கு தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டாராம். ஆக, போன பிறவிக் கடனை யாராவது கேட்டு வந்தால், வாங்கியவர் வேறு ஆள் என்று தைரியமாகச் சொல்லலாம். வங்கிக் கடனுக்கு இது செல்லாது.