பனியே தோழி: ரீஜென்சி கிறிஸ்துமஸ் காதல் கதைகளின் அகப்பொருள் இலக்கணம்

பேராசிரியர்கள் தொடக் கூசும் துறை இது. டிசம்பர் பிறந்தால் ஆங்கில வாசகர்களில் ஒரு கூட்டம் போர்வைக்குள் புகுந்துகொண்டு சரித்திர கிறிஸ்துமஸ் காதல் கதைகளைப் படிக்கத் தொடங்குகிறது. புதிதாக வந்தவற்றையும் படிக்கும். போன வருடம் படித்ததையே மறுபடியும் படிக்கும். அட்டையில் பனி மூடிய மாளிகை, அதன் முன்னால் தோள் தெரியும் வெல்வெட் கவுனில் ஒரு பெண். அந்தக் குளிரில் அவளுக்குச் சளி பிடிக்காதது எப்படி என்பது மருத்துவத் துறையின் பாடு. இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.

கதைகளில் பெரும்பகுதி நடப்பது ரீஜென்சி காலத்தில். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கியதால், 1811 முதல் 1820 வரை மகன் பொறுப்பேற்று ஆண்ட காலம் அது. ஜார்ஜெட் ஹேயர் 1935இல் 'ரீஜென்சி பக்' நாவலால் இந்த வயலை உழுது வைத்தார். மேரி பேலோ, கார்லா கெல்லி போன்றவர்கள் அதில் கிறிஸ்துமஸ் சாகுபடி செய்தார்கள். நாயகன் பெரும்பாலும் டியூக். அரச குடும்பத்தைச் சேராத டியூக்குகள் அன்றைக்கு எத்தனை பேர் என்று பார்த்தால், அத்தனை பேரையும் ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம். அதிலும் பாதிப்பேர் மணமானவர்களோ கிழவர்களோதான். நாவல்களில் கல்யாணமாகாத இளம் டியூக்குகளுக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை.

இத்தகைய இலக்கியத்தை அளக்க மேலைநாட்டுக் கோட்பாடுகள் போதா. தொல்காப்பியம் போதும். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். டிசம்பர் 25 அதற்குள் விழுகிறது. குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும் உரிய பருவமாகத் தொல்காப்பியர் வைத்திருக்கிறார். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். ஆக, கிறிஸ்துமஸ் சமயத்தில் காதல் கைகூடுவதற்கான இலக்கண அனுமதி லண்டன் பதிப்பாளர்களுக்கு வெகுகாலத்துக்கு முன்பே வழங்கப்பட்டுவிட்டது. அவர்கள் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

குறை ஒன்றுதான்: அகப்பாடல்களில் காதலர்களைச் சேர்த்துவைக்கும் தோழி இந்தக் கதைகளில் வலுவாக இல்லை. அத்தை இருப்பாள், தூங்கிவிடுவாள். தோழியின் வேலையைச் செய்வது பனி. வண்டி குடைசாய்கிறது, பாதை அடைபடுகிறது, சண்டை போட்டுக்கொண்ட இருவரும் ஒரே கூரையின் கீழ் மாட்டிக்கொள்கிறார்கள். ஓர் இரவு கழிந்தால் ஊரில் அலர் (வம்புப் பேச்சு) எழும். அலர் எழுந்தால் வரைவு (திருமணம்) தவிர வேறு வழியில்லை. உடன்போக்குக்கும் இடமில்லை. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்கியதால், இங்கிலாந்துக் காதலர்கள் அந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்துக்குள் ஓடி, எல்லையோர கிரெட்னா கிரீனில் கொல்லர் பட்டறையிலேயே மணம் முடித்தார்கள். பனிக்காலத்தில் அந்த வடக்குச் சாலையும் அடைத்துவிடும். ஓட முடியாதவர்கள் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். ஹேயரே 'ஸ்னோட்ரிஃப்ட்' என்ற சிறுகதையில் ஒரு பயணிகள் வண்டியைப் பனியில் சிக்கவைத்து இந்த விதியை நிறுவியிருக்கிறார்.

பனியே தோழி என்ற இக்கருதுகோளுக்கு எதிரான வலுவான சான்று ஜேன் ஆஸ்டின். ரீஜென்சி காலத்திலேயே வாழ்ந்து எழுதியவர். ஆகவே அவரைப் புறக்கணிக்க முடியாது. 1815 டிசம்பரில் வெளிவந்த 'எம்மா'வில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தின்போது பனி பெய்கிறது. வீடு போய்ச் சேர முடியுமா என்று பெரியவர் ஒருவர் பதறுகிறார். நாயகன் நைட்லி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, எங்கும் அரை அங்குலத்துக்கு மேல் இல்லை என்கிறார். திரும்பும் வண்டியில் நாயகி எம்மாவோடு தனியாக ஏறிய எல்டன் பாதிரியார், உள்ளே போன ஒயினின் துணிவில் காதலைக் கொட்டுகிறார். கிடைத்தது மறுப்பு. அதன்பின் சில நாள் நீடித்த பனியால் எம்மா கிறிஸ்துமஸ் அன்று தேவாலயத்துக்குக்கூடப் போகவில்லை; எல்டன் முகத்தில் விழிக்காமல் தப்பித்தோம் என்று மகிழ்கிறாள். உண்மையான ரீஜென்சி கிறிஸ்துமஸில் பனி இருவரைப் பிரித்துவைத்தது. இந்தச் சான்றை இத்துறை எழுத்தாளர்கள் ஒருமனதாகக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள். அவர்கள் செய்தது சரியே.

பனியே கட்டுக்கதை என்று சொல்வதற்கில்லை. 1810கள் இங்கிலாந்தின் மிகக் குளிர்ந்த பத்தாண்டுகளுள் ஒன்று. 1814 பிப்ரவரியில் தேம்ஸ் உறைந்து, அதன்மேல் கடைவீதியே நடந்தது. பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே யானையை ஆற்றின் குறுக்கே நடத்திச் சென்றதாகவும் சொல்வார்கள். 1812இல் பிறந்த டிக்கன்ஸின் பால்யம் இந்தக் குளிரில் கழிந்தது. 1843 டிசம்பர் 19இல் வெளிவந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் 6,000 பிரதிகள் விற்ற அவருடைய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வழியாக அந்தக் குளிர் எல்லாருடைய நினைவாகவும் ஆகிவிட்டது. ஆனால் நிஜப் பனி தோழியாக நடந்துகொண்டதில்லை. 1836 கிறிஸ்துமஸ் வாரப் பெரும்பனியில் தபால் வண்டிகள் சாலையிலேயே புதைந்து நின்றன. டிசம்பர் 27இல் சசெக்ஸின் லூயிஸ் ஊரில் குன்றின் மேலிருந்து சரிந்த பனி வீடுகளை நசுக்கி 8 பேரைக் கொன்றது. அந்த இடத்தில் இன்று ஒரு மதுக்கடை இருக்கிறது, பெயர் ஸ்னோடிராப்.

கருப்பொருள் தணிக்கையில், அதாவது கதைகளில் வரும் பொருள்களைச் சரிபார்த்ததில், கிடைத்தவை கவலைக்குரியவை. டியூக்கின் கூடத்தில் நிற்கும் அலங்கார மரத்துக்கு 1800இல் சார்லட் ராணி வின்ட்ஸரில் குழந்தைகளுக்காக வைத்த மரத்தைச் சாட்சி காட்டி ஜாமீன் வாங்கிவிடலாம். ஆனால் மற்றவர் வீடுகளில் அது பரவியது, 1848இல் விக்டோரியா குடும்பத்தின் படம் பத்திரிகையில் வந்த பிறகே. வாழ்த்து அட்டை 1843இல் ஹென்றி கோல் அச்சிட்டது. இழுத்தால் வெடிக்கும் கிராக்கர் 1840களில் டாம் ஸ்மித் கொண்டுவந்தது. இவை ரீஜென்சி கதைக்குள் நுழைந்தால் அத்துமீறலே. மிசில்டோ மட்டும் குற்றமற்றது. ஆப்பிள் மரத்தில் ஒட்டி வளரும் அந்தப் புல்லுருவியின் அடியில் முத்தமிடலாம், முத்தத்துக்கு ஒரு காய் பறிக்கவேண்டும், காய் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது என்ற வழக்கத்தை வாஷிங்டன் இர்விங் அந்தக் காலத்திலேயே குறித்துவைத்திருக்கிறார். இவ்வளவு கறாரான கணக்குமுறை வேறெந்தத் திணையிலும் இல்லை.

முடிவு தெரிந்த கதையில் என்ன ஆறுதல் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் வரையறைப்படியே, கதை நம்பிக்கையூட்டும் விதமாக முடிந்தால்தான் அது காதல் நாவல். கல்யாணம் நடக்குமா என்ற கவலை முதல் பக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. எப்படி நடக்கும் என்பதைக் காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம். சிக்கலுக்குத் தவணையும் உண்டு. பன்னிரண்டு நாள் கொண்டாட்டம் ஜனவரி 6இல் முடிவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடவேண்டும். அத்தனை அறைகளுக்கும் விடியுமுன் கரி சுமந்து கணப்பு மூட்டும் வேலைக்காரப் பெண்ணுக்குக் காதல் உண்டா என்று மட்டும் இந்த இலக்கியம் அதிகம் கேட்பதில்லை. இத்துறையின் பெரிய ஓட்டை இதுதான்.

புதிதாக நுழைபவர்கள் மேரி பேலோ 1992இல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் ப்ராமிஸ்' நாவலிலிருந்து தொடங்கலாம். கடனில் மூழ்கிய பிரபு பணத்துக்காக ஒரு நிலக்கரி வியாபாரியின் மகளை மணக்கிறான்; அவளுடைய வியாபாரச் சொந்தங்களும் அவனுடைய பிரபு நண்பர்களும் கிறிஸ்துமஸுக்கு ஒரே மாளிகையில் கூடுகிறார்கள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.