தாய்மாமன் சபை

நம் நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள். மக்களவை வேகமாகச் சட்டம் செய்யும். மாநிலங்களவை நிதானமாக யோசிக்கும் என்பது ஏற்பாடு. யோசிப்பது கொஞ்சம் நீண்டு, எதிர்ப்பாக மாறினால்?

இரு அவைகளையும் கூட்டி வாக்கெடுக்கலாம். 1961, 1978, 2002 என மூன்றே முறைதான் அப்படிச் செய்து சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள். ஆள் திரட்ட வேண்டும், தலை எண்ண வேண்டும்; யாருக்கு இத்தனை அலைச்சல்!

அதைவிடச் சுலபம், 'பண மசோதா' என்று பெயர் சூட்டிவிடுவது. அரசியல் சாசனத்தின் 110-வது பிரிவுப்படி, எது பண மசோதா என்பதில் மக்களவைத் தலைவர் சொல்வதே முடிவு. மாநிலங்களவை 14 நாட்களுக்குள் யோசனை சொல்லலாம், தடுக்க முடியாது. பத்திரிகை அச்சடித்த பிறகு தாய்மாமனிடம், "மாப்பிள்ளை எப்படிண்ணே?" என்று கேட்கிற மரியாதைதான்.

2016 மார்ச் 16. பண மசோதாவாக வந்த ஆதார் மசோதாவில் ஐந்து திருத்தங்கள் வேண்டும் என்றது மாநிலங்களவை. மக்களவை அன்றைக்கே ஐந்தையும் நிராகரித்தது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அது பண மசோதாவாகச் செல்லும் என்றார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று எழுதினார்.

அரசியல் சாசனத்தையே திருத்துவதற்கு மட்டும் இன்னும் குறுக்குவழி இல்லை. இரு அவைகளும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும். ஆகவே மாநிலங்களவை உறுப்பினர்கள் தொடர்ந்து டெல்லிக்கு டிக்கெட் எடுக்கலாம்.