கற்பூரவள்ளி இருமலால் பரவும் விதம்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

விதைகள் காற்றால் பரவும், நீரால் பரவும், பறவை விலங்குகளால் பரவும், வெடித்துச் சிதறியும் பரவும் என்பது பள்ளிப் பாடம். இந்நான்கிலும் அடங்காமல் தமிழகத்தின் கொல்லைகளையும் மொட்டைமாடிகளையும் பிடித்துக்கொண்ட செடி ஒன்று உண்டு. அது கற்பூரவள்ளி, சில வீடுகளில் ஓமவல்லி. நம் தொட்டிகளில் இது பூப்பதே அரிது. நர்சரியில் கிடைக்கிறது, ஆயினும் காசு கொடுத்து வாங்கியதாக ஒப்புக்கொள்பவரைக் காண்பது அதனினும் அரிது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "பக்கத்து வீட்ல குடுத்தாங்க" என்பர். பக்கத்து வீட்டில் விசாரித்தால் அதற்கும் ஒரு பக்கத்து வீடு. இப்படியே பின்னோக்கிப் போனால் தெரு முடிந்துவிடுகிறதே தவிர, ஆதிச்செடி அகப்படுவதில்லை.

2. முன்னோர் கருத்துகள்

புதினா, துளசி ஆகியவற்றோடு இச்செடியும் லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. எதிரெதிர் இலைகளும் கசக்கினால் எழும் மணமும் உறவுக்குச் சாட்சி. இதுவரை தகராறு இல்லை, அறிவியல் பெயரின் முன்பாதியில்தான் தொடங்குகிறது. 1790இல் லூரெய்ரோ என்ற போர்த்துகீசியப் பாதிரியார் இதைக் கோலியஸ் என்றார். 1825இல் ஸ்பிரெங்கல் பிளெக்ட்ராந்தஸ் என மாற்றினார். 2019இல் வந்த வகைப்பாட்டுத் திருத்தம் மறுபடியும் கோலியஸுக்கே அனுப்பிவைத்தது. கோப்பு புறப்பட்ட மேசைக்கே திரும்ப ஏறத்தாழ இரு நூற்றாண்டு. அரசு அலுவலகங்களைக் குறைசொல்வோர் கவனிக்க.

ஆங்கிலத்தில் இதைக் கியூபாவின் ஆரிகனோ என்கிறார்கள், மெக்சிகோவின் புதினா என்கிறார்கள், ஸ்பெயினின் தைம் என்றும் சொல்கிறார்கள். அறிவியல் பெயரின் பின்பாதியோ இந்தோனேசியாவின் அம்போன் தீவைச் சுட்டுகிறது. இயல்பாக வளரும் இடங்களோ ஆப்பிரிக்காவின் கிழக்கும் தெற்கும், அரேபியா, இந்தியா. ஆக, உலக அளவிலும் நம் தெருவின் நிலைமையே: கேட்டவுடன் அடுத்த வீட்டைக் கைகாட்டுகிறார்கள்.

3. கருதுகோள்

இச்செடி பரவுவது இருமலால். அதன் படிநிலைகள் வருமாறு:

அ. குழந்தை இரவெல்லாம் இருமுகிறது.

ஆ. சுவருக்கு அப்பால் ஒரு மூதாட்டி அதைக் கேட்கிறார். வறட்டு இருமலா, சளி இருமலா என்பதை அங்கிருந்தே பிரித்தறியும் செவி அவருடையது.

இ. விடிந்ததும், "ஏம்மா, புள்ளைக்கு நெஞ்சு கட்டியிருக்கு போல. ரெண்டு இலை தர்றேன், தணல்ல வாட்டிச் சாறு பிழிஞ்சு குடு" என்கிறார். சொன்னது இரண்டு இலை. வருவது ஒரு சாண் கிளை. இச்செடியின் சதைப்பற்றான தண்டு பட்டென்று ஒடியும் இயல்பினது என்பதால், இலையைக் கேட்டவர்க்குக் கிளையே வாய்க்கிறது.

ஈ. இலை தீர்ந்து குச்சி மிஞ்சுகிறது. கொடுத்தவர் கண்முன் அதைக் குப்பையில் போட முடியாது. ஓட்டை வாளியில் மண்ணிட்டுச் செருகிவைக்கின்றனர். கணுவில் வேர் விடுகிறது.

உ. இருமல் நிற்கிறது. இலையாலா, நாள் கடந்ததாலா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. இலையில் கார்வக்ரால், தைமால் என்னும் மணப்பொருள்கள் உள்ளன; ஓமத்திலும் தைமால் உண்டு, ஓம வாசனைக்கு அதுவே காரணம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஊ. அடுத்த மழைக்காலத்தில் இவ்வீட்டாருக்கும் செவி கூர்மையாகிறது.

4. எதிர்வாதங்கள்

பரவலுக்கு இருமல் அல்ல, பஜ்ஜியே காரணம் என ஒரு சாரார் வாதிடலாம். தடித்த இலையைக் கடலைமாவில் தோய்த்துப் பொரிப்பது உண்மைதான். ஆனால் பஜ்ஜி போட்ட வீட்டிலிருந்து வருவது தட்டில் பஜ்ஜியே, கிளையன்று. மேலும், பஜ்ஜிக்காக நுனியைக் கிள்ளக் கிள்ளச் செடி பக்கக்கிளை விட்டுப் புதராகும். எனவே பஜ்ஜி உற்பத்தித் துறையைச் சார்ந்தது, இருமலே விநியோகம்.

வெளிநாட்டுச் சான்றுகளும் நமக்கு அனுகூலமே. வியட்நாமில் இவ்விலையைக் கற்கண்டுடன் ஆவியில் வேகவைத்து இருமலுக்குக் கொடுக்கிறார்கள். வடக்குச் சுமத்ராவின் பாத்தாக் மக்கள் பிள்ளைபெற்ற தாய்க்குச் சூப்பாக்கித் தருகிறார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் இருமல் பிறக்க எத்தனை நாளாகும்? கரீபியத் தீவுகளில் மீனுக்கும் இறைச்சிக்கும் சேர்ப்பது மட்டும் நம் கோட்பாட்டுக்குப் பொருந்தவில்லை. நேரில் சென்று ஆராய நிதி வேண்டும்.

5. முடிவும் பரிந்துரைகளும்

இச்செடிக்குப் பகை இரண்டு. முதலாவது பாசம்: இலையிலேயே நீரைச் சேமிக்கும் செடிக்குத் தினமும் இருவேளை ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்தபின் ஊற்றுக. இரண்டாவது ஏசி: ஜன்னல் சாத்திய அடுக்ககங்களில் இருமல் வெளியே கேட்பதில்லை; விநியோகம் அறுபடுகிறது.

ஆகவே, செடி இல்லாதவர்களும், ஊற்றி ஊற்றி அழுகவிட்டு மறுபடி கேட்கக் கூச்சப்படுபவர்களும், ஜன்னலைத் திறந்துவைத்துச் சற்று உரக்க இருமுமாறு பரிந்துரைக்கப்படுகிறது.