கேட்டோடு நின்றுபோன சர்க்கார்

நுவரெலியா மாவட்ட வரலாற்றைக் கச்சேரியிலிருந்து தொடங்குவது வழக்கம். அங்கிருந்து தொடங்கினால் கொட்டாவிதான் வரும். இந்த மாவட்டத்தை ஆண்டது கச்சேரி அல்ல, தோட்டத்து ஆபிஸ்.

ஆனாலும் வெள்ளைக்காரர் வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1819இல் ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் நுவரெலியாச் சமவெளிக்கு வந்தார். ஏற்கெனவே பெயரோடு இருந்த இடம் அன்றிலிருந்து 'கண்டுபிடிக்கப்பட்டது'. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸுக்குக் குளிர் பிடித்துப்போக, மாளிகை ஒன்று எழுந்தது. இன்றைய கிராண்ட் ஹோட்டலின் பூர்வீகம் அதுதான்.

1848இல் வந்தார் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்காவில் அலைந்த அதே ஆள். மாடு, ஆடு, வேட்டைநாய், கொல்லன், குதிரைக்காரன் என்று ஓர் ஆங்கிலேயக் கிராமத்தையே கப்பலேற்றிக் கொண்டுவந்தார். குதிரைக்காரன் பெர்க்ஸ் சரியான குடிகாரன். றம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டிவிட்டு, தான் மட்டும் தப்பிக்கொண்டான். அதன்பிறகும் அவனை நம்பி யானையைக் கொடுத்தார்கள். குதிரையை விரட்டுவதுபோல மலையேற விரட்டினான், யானை செத்துப்போனது. மலைப்பாதையில் இன்றைக்கும் வளைவுகளில் பறக்கும் பஸ் சாரதிகள் இந்த முன்னோடிக்கு ஒரு சிலை வைக்கலாம்.

பிறகு 1873இல் ஆளுநர் கிரகரி சதுப்பு நிலத்தை ஏரியாக்கித் தன் பெயரை வைத்தார். கோப்பியை நோய் தின்றது, தேயிலை வந்தது. 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டது. குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், சிவப்புச் செங்கல் தபாலகம் எல்லாம் துரைமாருக்குக் கிடைத்தன. இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து காட்டை வெட்டியவர்களுக்கு லயத்துக் காம்பிரா.

ராணியின் சட்டம் தோட்டத்து கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. உள்ளே பெரிய துரைதான் பொலிஸ், நீதவான், அரசாங்க அதிபர் எல்லாம். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டால், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு. விசாரணை அங்கேயே, தீர்ப்பும் அங்கேயே: "இன்னைக்கு ஒனக்கு அரைப் பேருதான்!" அதாவது அரை நாள் கூலி. மேன்முறையீடு கிடையாது. வெளியில் நின்ற சட்டமும் துரைக்குத் தேவைப்பட்டபோது ஓடோடி உள்ளே வந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போனவனுக்குச் சிறை. முறைப்படி போகவோ 'துண்டு' வேண்டும். கடனை அடைத்தால் ஆளை விடுவிப்பேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. கடன் எவ்வளவு என்பது கங்காணிக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். அந்தத் துண்டு ஒழிய 1921 ஆனது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். தோட்டத்து ஆட்கள் இவ்வளவு பேர் வாக்குப் போட்டால் ஆபத்து என்று புது அரசாங்கத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. 1948இல் குடியுரிமை போனது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் பாராளுமன்றம் போக 1977 வரை ஆனது.

வாக்கு ஒருவழியாகத் திரும்பிக் கிடைத்ததும் வந்தது இன்னொரு வேடிக்கை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்றார்கள். வாக்குக் கேட்க வேட்பாளர் லயத்துக்குள் வரலாம். கான் வெட்டச் சபை வரக்கூடாது! நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளின் எல்லைக்குள் தலா ஏறத்தாழ இரண்டு லட்சம் சனம். அதில் பெரும்பகுதி தோட்டத்து ஆட்கள்.

2018இல் அந்த இரண்டும் ஆறாகப் பிரிந்தன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியாவுக்குத் தனிச் சபைகள் வந்தன. 33ஆம் பிரிவும் அதே வருடம் திருத்தப்பட்டது. ஆகவே, உங்கள் லயத்துப் பாதை இன்னும் குழியாகவே கிடந்தால் சபை உறுப்பினரைப் பிடித்துக் கேளுங்கள். "சட்டம் விடாதே" என்று அவர் இழுத்தால், 30ஆம் இலக்க 2018 திருத்தச் சட்டத்தை வாசித்துக் காட்டுங்கள்.