ரெண்டு விரக்கடை கனம்

எங்கள் சின்ன வயதில் கறி சுடுவதற்கு முன்னால் காற்றைப் பார்ப்பார்கள். தெருவிலிருந்து ஊர்ப்பக்கம் அடித்தால் அன்றைக்குத் தணல் கிடையாது; சட்டியில் போட்டு மூடி வேகவைத்துவிடுவார்கள். ஆற்றுப்பக்கம் திரும்பினால் சுடலாம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற திருமுக்கூடலில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், காற்றுக்கு ஒருநாளும் இல்லை. இன்றைக்கு எங்கள் அண்ணன் மகனும் காற்றைப் பார்க்கிறான். கைபேசியில் பார்க்கிறான். காற்று பலமாக இருந்தால் அடுப்புக்கரி சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுமாம். வாசனை யார் மூக்கில் ஏறும் என்ற கவலை அவனுக்கு இல்லை. ஏறட்டும் என்றுதான் மொட்டை மாடியில் வைத்துச் சுடுகிறான்.

ஆட்டுக்கறி எங்களுக்குத் திருவிழாவுக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய கறி. என் பாட்டன் காலத்தில் அதைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஊரில் உழவுமாடு செத்தால் இழுத்துக்கொண்டு போய்ப் போடுவது தெருவின் கடமை; இழுத்தவனுக்குக் கறி. அதைக் கூலி என்றார்கள். கூலி கொடுக்காமல் தப்பிக்க ஒரு வழி என்றும் சொல்லலாம். 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில், செத்த மாட்டை இனித் தின்னாதீர்கள் என்று அம்பேத்கர் சொன்னார். அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கு வந்து சேர ஒரு தலைமுறை பிடித்தது. வந்து சேர்ந்ததும் நைனா ஞாயிறுதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வாலாஜாபாத்துக்குக் கிளம்பிவிட்டார். அறுத்த மாட்டின் கறி, எடை போட்ட கறி, பேரம் பேசிய கறி. எலும்பைக் குறைத்துப் போடச் சொல்லிக் கடைக்காரரோடு சண்டை பிடிக்கிற உரிமையும் அந்தக் காசில் அடக்கம். அந்தச் சண்டையை அவர் வாராவாரம் ரசித்தே போட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

வாங்கியதைக் கொண்டுவருவது தனிக் கலை. இலையில் சுற்றி, அதன்மேல் தினத்தாள் சுற்றி, பையின் அடியில் வைத்து, மேலே இரண்டு கட்டு முளைக்கீரை. வழியில் யாராவது “இன்னாப்பா வாங்கினு வர?” என்றால் “கீரை” என்பார். எங்கள் வீட்டில் கீரை ஆக்கிய நாட்கள் எல்லாம் கறி ஆக்கிய நாட்களே. இன்றுவரை முளைக்கீரையைப் பார்த்தால் எனக்கு வாயூறும். காரணம் கீரை அல்ல.

அன்றைக்கே தின்று தீர்ப்பது குழம்பு. மிச்சத்தை அம்மா வார்வாராகக் கிழித்து, உப்பும் மஞ்சளும் தடவி, சரட்டில் கோத்து வெயிலில் கட்டுவாள். உப்புக்கண்டம். காக்கை ஓட்டக் கையில் குச்சியோடு எங்களில் ஒருவன் உட்கார வேண்டும். உட்கார்ந்தவனுக்குக் காய்ந்த முதல் துண்டு. ராத்திரி சமையல் முடிந்த அடுப்பில் கங்கைக் கிளறி, உப்புக்கண்டத்தை அதன்மேல் அப்படியே போடுவாள். கம்பியும் தட்டும் கிடையாது. ஓரம் சுருண்டு கருகுகிற நேரம் எடுத்து, அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் ஒரு தட்டு. நார் நாராகப் பிரியும். கேழ்வரகுக் கூழுக்கு அதைப்போலத் துணை வேறு உண்டா என்று எனக்குத் தெரியாது, தேடிப்பார்க்கவும் இல்லை. நல்லியெலும்பு இருந்தால் அதையும் கங்கில் புதைத்துவைப்பாள். உள்ளே இருப்பதை உறிஞ்சும் உரிமை நைனாவுக்கு. சம்பாதிக்கிறவர் அவர்.

விறகு கொண்டுவருவது பிள்ளைகள் வேலை. எங்கள் ஊர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. 15 கட்டில் போட்ட ஆதுலர் சாலை இங்கே நடந்ததை அது சொல்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர் ஒருவர். ஆளுக்கு எவ்வளவு நெல் என்பது வரை கணக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே விறகுக்குச் சம்பளத்தோடு ஆள் வைத்த ஊர் என்பதைக் கல்லூரியில் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். அதற்குள் நான் சம்பளமில்லாமல் சுமந்த விறகெல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

மாட்டுப் பொங்கலை ஒட்டி காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு ஆற்றைக் கடந்து இங்கே வருவார். பழையசீவரம், சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் வந்து எங்கள் ஊர்ப் பெருமாளோடு கூடுவார்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் புகையே எழும்பாது. வேட்டை என்று பெயர் வைத்த திருவிழாவுக்காக நாங்கள் கீரை தின்றோம், அந்த ஒரு தடவை உண்மையான கீரை.

இப்போது மொட்டை மாடிக்கு வருகிறேன். அண்ணன் மகன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான். உருண்டையாக, மூடி போட்ட அடுப்பு ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தான். கூடவே ஒரு பொட்டலம் கரி. உறையில் ‘மெஸ்கீட்’ என்று போட்டிருந்தது. டெக்சாஸ்காரர்கள் கறி சுடுவதற்கு இந்த மரத்தைத்தான் கொண்டாடுவார்களாம். இதன் புகைக்கென்று தனி மணமாம். பொட்டலத்தின் விலையைக் கேட்டு நான் சிரித்ததற்குக் காரணம் விலை அல்ல. மெஸ்கீட்டும் எங்கள் சீமைக்கருவேலமும் ஒரே இனத்து மரங்கள். மாடியிலிருந்து கை நீட்டினால் பாலாற்றுப் படுகை முழுக்க அதுதான். நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று சொல்லி அதை வேரோடு பிடுங்கச் சொல்லி 2017 வாக்கில் உயர் நீதிமன்றம் வரை போய் உத்தரவு வாங்கினார்கள். ராமநாதபுரத்துப் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரி லாரியாக விற்கிறார்கள். அமெரிக்கப் படம் போட்ட உறையில் வந்தால் அதற்கு மணம் வந்துவிடுகிறது. “சித்தப்பா, இதையே அம்பது வருஷமா அடுப்புல வெச்சிருக்கோமா?” என்றான். அந்த அடுப்புக்கு மூடி இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கறி. எலும்போடு, கனமாக, ஒரே துண்டாக வேண்டும் என்று நைனா போன அதே வாலாஜாபாத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். கைபேசியில் படத்தைக் காட்டினான். மாட்டின் இடுப்புப் பகுதித் தண்டெலும்பைக் குறுக்கே அறுத்தால் எலும்பு ஆங்கிலத்து ‘டி’ எழுத்து மாதிரி நிற்கும். ஒரு பக்கம் முதுகுக் கறி, இன்னொரு பக்கம் மாடு அதிகம் வேலை வாங்காத மெத்தென்ற உள்கறி. கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“சூப்புக்கா தம்பி?”

“சுடறதுக்கு பாய். ரெண்டு விரக்கடை கனம் இருக்கணும்.”

“சுடறதுன்னா எலும்ப எடுத்துட்டு வாங்கிக்கங்க. எடைல பாதி எலும்புதான் நிக்கும்.”

“எலும்போடதான் பாய் வேணும்.”

அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை. எலும்பைக் குறைக்கச் சொல்லி நைனா சண்டை போட்ட அதே கடைவீதியில், எலும்பைச் சேர்க்கச் சொல்லி அவர் பேரன் கெஞ்சிக்கொண்டிருந்தான். கடையில் ரம்பம் இல்லை. புளியமரக் கட்டையில் வைத்து வெட்டுக்கத்தியால் போட்டதில் ஒரு பக்கம் மூன்று விரற்கடை, மறுபக்கம் ஒன்றரை. அந்த மாதிரி இரண்டு துண்டு. கூடுதலாக ஒரு நல்லியெலும்பைச் சும்மா போட்டுக் கொடுத்தார். பரிதாபம்தான்.

எலும்புக்கு இப்படி ஒரு மவுசு வருமென்று யார் கண்டார்கள். பிரிட்டனில் மாட்டுப் பித்து நோய்ப் பயத்தில் 1997 டிசம்பர் முதல் 1999 டிசம்பர் வரை எலும்போடு மாட்டுக்கறி விற்கவே தடை இருந்தது. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்காரர்கள் தங்கள் ஊர் எலும்புக்கறிக்கு 2001இல் ஐரோப்பியத் தடை வந்தபோது துக்கம் கொண்டாடாத குறை. பல வருஷம் கழித்தே அது நீங்கியது. நம் நாடு எருமைக்கறியைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறது, ஆனால் எலும்பு எடுத்ததை மட்டும்தான் அனுப்பலாம். ஆக எலும்பு நமக்கே. அது எப்போதும் எங்களுக்கே வந்துகொண்டிருந்தது என்பதுதான் விஷயம்.

காற்றைப் பார்க்காமல் யாரும் எங்கும் சுடலாம் என்ற காலம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2017இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்டதற்காக ஒரு மாணவருக்கு அடி விழுந்தது. 2022 மே மாதம், இதே பாலாற்றின் மேல்பகுதியில், ஆம்பூரில், பிரியாணித் திருவிழா என்று அறிவித்து அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மேலே மழை என்றால் கீழே தண்ணீர் வருமே என்று எங்கள் ஊரில் சிலர் ஆசையாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுட்ட கதைக்கு வருவோம். முதல் நாள் ராத்திரியே உப்புத் தடவிப் பிரிட்ஜில் வைத்தான். அம்மா பார்த்து, “இது நாம பண்றதுதானே” என்றாள். கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவித்து, கறியை மறுபாதியில் வைத்து மூடினான். முதலில் மெல்லச் சூடேறி, கடைசியில் தணலுக்கு நேராக மேல்பக்கம் கருக வேண்டும். கறியில் ஒரு முள்ளைக் குத்தி, 50 டிகிரி, 52 டிகிரி என்று அறிவித்துக்கொண்டே இருந்தான். அண்ணி சோறு எப்போது போடுவது என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். 55இல் எடுத்துப் பலகையில் வைத்து, இன்னும் தொடக்கூடாது, ஓய்வெடுக்க வேண்டும் என்றான். “யாரு?” என்றாள் அம்மா.

வெட்டினான். வெளியே கருப்பு, உள்ளே ரோஜா நிறம். பலகையில் சிவப்பாக நீர் கட்டியது.

“ரத்தம் நிக்குதுடா. அடுப்புல போடு.”

“அது ரத்தம் இல்ல ஆயா. மயோகுளோபின்.”

“இன்னா குளோபோ. வேகல.”

மணம் என்னவோ அபாரம். பக்கத்து மாடியிலிருந்து எட்டிப்பார்த்து விசாரித்தார்கள். அவன் மறைக்காமல் சொன்னான். அவர்கள் ஒரு துண்டு கேட்டார்கள். இதை மட்டும் நைனா பார்த்திருக்க வேண்டும். ஆனால் வாயில் போட்டால் மெல்ல மெல்லப் பெருகியது. அந்த மெத்தென்ற உள்பக்கத்துக் கறி பரவாயில்லை. மற்றதை நான் ஒரு ஓரமாக ஒதுக்கிவைத்தேன்.

குறை அடுப்பில் இல்லை, முள்ளிலும் இல்லை. அவன் பார்த்த வீடியோக்களில் சுடுவது இரண்டு வயதைத் தாண்டாத, தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாத மாடு. தமிழ்நாட்டு 1958ஆம் வருஷச் சட்டப்படி பத்து வயது தாண்டி, உழைக்கவும் ஈனவும் லாயக்கில்லை என்றோ, காயத்தாலோ நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று வாங்கிய மாட்டைத்தான் அறுக்கலாம். பசுவையும் கிடாரியையும் அறுக்க 1976 முதல் தடை. அதாவது நம் தட்டுக்கு வருவது ரிட்டயர் ஆன மாடு. வயது ஏற ஏறத் தசையைக் கட்டியிருக்கும் கொலாஜன் இறுகிக்கொள்ளும்; 55 டிகிரிக்கு அது அசையாது. மணிக்கணக்காக ஈரத்தில் வெந்தால்தான் இளகிப் பசையாகும். இல்லையென்றால் நாருக்குக் குறுக்கே மெல்லிசாகக் கிழித்து, உப்பில் காயவைத்து, சுட்டு, குழவியால் தட்ட வேண்டும். சட்டிக் குழம்பும் உப்புக்கண்டமும் வறுமையின் சமையல் என்று நானே சில இடங்களில் பேசியிருக்கிறேன். ஏர் இழுத்த மாட்டைப் புரிந்துகொண்டவர்களின் சமையல் அது.

அம்மா விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். மிளகு, சின்ன வெங்காயம், பாய் சும்மா போட்ட நல்லியெலும்பு எல்லாம் சேர்த்துக் குக்கரில் விசில் விட்டுக்கொண்டே இருந்தாள். கருகிய வாசனையோடு அந்தக் குழம்பு எங்கள் வீட்டில் அதுவரை வராத ருசியில் வந்தது. அவனுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். தணலில் காட்டாமல் அந்த நிறமும் மணமும் வந்திருக்காது. நல்லியை அம்மா அவன் தட்டில் வைத்தாள். சம்பாதிக்கிறவன்.

இரண்டாவது துண்டு பிரிட்ஜில் இருந்தது. மறுநாள் காலை அம்மா அதை எலும்பிலிருந்து பிரித்து, வாராகக் கிழித்து, மாடியில் டிஷ் ஆண்டெனாவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நைலான் கயிற்றில் கட்டிவிட்டாள். அவன் வேலைக்குப் போகும் அவசரத்திலும் ஒரு சின்னக் கேமராவைக் கொண்டுவந்து தொட்டிமேல் பொருத்தினான்.

“காக்கா வந்தா போன்ல சத்தம் குடுக்கும் ஆயா.”

“எந்தப் போன்ல?”

“என் போன்லதான். ஒரகடத்துலேர்ந்தே பாத்துக்கலாம்.”

“பாத்துக்கினா? ஓட்டறது யாரு?”

அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். அம்மா குச்சியை என் கையில் கொடுத்தாள். காய்ந்த முதல் துண்டு யாருக்கு என்று கேட்டேன். வயசுக்குத் தகுந்த மாதிரிப் பேசு என்றாள்.