ஓட்டுக்கூரையும் ஒளிப்பாடமும்

எழுபதுகளில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக்கூரை. ஓடு விலகிய இடங்களில் வெயில் உள்ளே இறங்கித் தரையில் வட்ட வட்டமாக விழும். எட்டாம் வகுப்பில் ஒளிப்பாடம் தொடங்கிய அன்று எங்கள் அறிவியல் சார் புத்தகத்தைத் திறக்கவில்லை. "மேல பாருங்கடா. ஒரு ஓட்டை நீளமா இருக்கு, இன்னொண்ணு கோணலா இருக்கு. கீழ விழற வெயில் மட்டும் ஏன் எல்லாமே வட்டமா இருக்கு?" என்று கேட்டார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. ஓர் அட்டையில் சிறிதாக முக்கோணத் துளை வெட்டி, ஒரு பையனிடம் கொடுத்து முற்றத்து வெயிலில் பிடிக்கச் சொன்னார். தரையை ஒட்டிப் பிடித்தபோது முக்கோணம் விழுந்தது. அட்டையை உயர்த்த உயர்த்த மூலைகள் மழுங்கின. பெஞ்சின் மேல் ஏறி நின்று பிடித்தபோது வட்டமே ஆகிவிட்டது. "அது ஓட்டையோட உருவம் இல்லடா. சூரியனோட உருவம்" என்றார் சார்.

அதோடு அவர் விடவில்லை. அடுத்து குண்டூசியால் துளையிட்ட அட்டை. துளையிலிருந்து வட்டம் விழும் தாள்வரை உள்ள தூரத்தை அளக்கச் சொன்னார். வட்டத்தின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்தோம். மூன்று மீட்டர் தள்ளிப் பிடித்த தாளில் வட்டம் கிட்டத்தட்ட 2.8 சென்டிமீட்டர். தூரத்தை அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 108. சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டர் தொலைவில். அதையும் 108ஆல் வகுத்தால் சூரியனின் விட்டம், சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஓர் அட்டையையும் மர ஸ்கேலையும் வைத்துச் சூரியனை அளந்துவிட்டோம் என்று அன்று மாலை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அறிவியல் என்றால் நாமே செய்து பார்ப்பது என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் பிறந்தது. நானும் இயற்பியல் ஆசிரியர் ஆனேன்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். முப்பட்டகம் பீரோவுக்குள் பூட்டியிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் நாளன்று வெளியே வரும். ஆசிரியர் கையில் இருப்பதை எட்ட நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. நாற்பது பேருக்கு ஒரு குவிலென்ஸ். எங்கள் சாரைப் போன்றவர் வாய்க்காத பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் என்பது மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டிய இரண்டு விதிகள், அவ்வளவுதான்.

1980 பிப்ரவரி 16 அன்று வந்த சூரிய கிரகணமும் நினைவில் இருக்கிறது. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் முழுக் கிரகணம், தமிழகத்தில் பகுதிக் கிரகணம். எங்கள் தெருவில் கதவும் சன்னலும் சாத்திக்கிடந்தன. வேப்பமரத்தடியில் இலை இடுக்கெல்லாம் ஊசித்துளைக் காமிராவாகி, ஆயிரக்கணக்கான பிறைச் சூரியன்கள் தரையில் விழுந்திருக்க வேண்டும். பார்க்க ஆளில்லை. 2019 டிசம்பர் 26 அன்று வளைய கிரகணம் கோவை, திண்டுக்கல் பகுதிகளைக் கடந்துபோனபோது நிலைமையே வேறு. கிரகணக் கண்ணாடியோடு பிள்ளைகள் மைதானத்தில் நின்றார்கள். சல்லடையை வெயிலில் பிடித்து, துளைக்கு ஒரு மோதிரமாக விழுந்த ஒளியைக் கைதட்டி ரசித்தார்கள். இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆகவே 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று பெருமூச்சுவிட எனக்கு நியாயமில்லை.

இன்றைய பிள்ளையின் வீட்டில் இருக்கும் ஒளிக்கருவிகளை எண்ணிப் பாருங்கள். ஓரத்தில் கிடக்கும் பழைய சி.டி.யை விளக்குக்கு நேரே சாய்த்தால் நிறமாலை தெரியும்; அதன் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 1.6 பங்கு. எல்.இ.டி. விளக்கில் நீலம் தூக்கலாகத் தெரியும். குண்டு பல்பில் நிறங்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று கலந்து வரும். செல்போன் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பொட்டளவு நீர்த்துளி ஒன்றை விட்டுப் பாருங்கள். துளி லென்ஸாகி, வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டிக்கொடுக்கும். டி.வி. ரிமோட்டின் முனையைச் செல்போனின் முன்காமிராவுக்குக் காட்டி பட்டனை அழுத்தினால், பல போன்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் மின்னும். துளையிட்ட தண்ணீர் பாட்டிலின் பின்புறமிருந்து துளையை நோக்கி லேசர் விளக்கை அடித்தால், வளைந்து விழும் நீரோடு ஒளியும் வளைந்து போகும். (லேசர் யார் கண்ணிலும் படக்கூடாது, அது ஆசிரியர் கையில்தான் இருக்க வேண்டும்.) லேசர் இல்லாத காலத்திலேயே லண்டனில் ஜான் டிண்டால் 1854இல் செய்துகாட்டிய சோதனை இது. ஒளியை நீருக்குள்ளேயே திருப்பித் திருப்பி அனுப்பும் அந்த முழு அக எதிரொளிப்புதான் இன்று ஃபைபர் வழியாக வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவருகிறது.

இத்தனையும் கையில் இருக்க, பல வகுப்புகளில் நடப்பது என்ன? ஸ்மார்ட் போர்டில் ஒரு வீடியோ. கதிர் வருகிறது, கண்ணாடிக்குள் வளைகிறது, வெளியேறுகிறது, பாடம் முடிகிறது. வீடியோ தப்பில்லை. கண்ணுக்குள் ஒளி போகும் பாதையையும் ஒளியாண்டுத் தொலைவுகளையும் படம் போட்டுக் காட்டத்தான் வேண்டும். ஆனால் படத்தில் கதிர் ஒருநாளும் தப்பாகப் போவதில்லை. சோதனையில் போகும். பாடம் அங்கேதான் இருக்கிறது.

கண்ணாடிப் பட்டகச் சோதனையைச் செய்தவர்களுக்கு இது புரியும். பலகையில் வெள்ளைத்தாள், அதன்மேல் பட்டகம். ஒரு பக்கம் இரண்டு குண்டூசிகள். மறுபக்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்து, அந்த இரண்டோடும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி இன்னும் இரண்டு ஊசிகளைக் குத்த வேண்டும். பிள்ளைகள் முதலில் ஊசிகளின் தலையைப் பார்த்தே குத்துவார்கள். ஊசி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கோடு விலகிவிடும். கணக்கு வேறெங்கோ போகும். "அடியைப் பாரும்மா, தலையைப் பார்க்காதே" என்று சொல்லி மறுபடி செய்யவைத்தால் கோடு சரியாக வரும். உள்ளே போன கதிருக்கு வெளியே வந்த கதிர் இணையாக இருப்பதை அந்தப் பெண்ணே ஸ்கேல் வைத்துக் கண்டுபிடிப்பாள். கோணத்தை மாற்றி மாற்றிச் செய்தும் சைன் மதிப்புகளின் விகிதம் ஏறக்குறைய 1.5 என்றே திரும்பத் திரும்ப வரும்போது அவள் முகத்தில் வரும் வியப்பை எந்தத் திரையும் உண்டாக்கியதில்லை. ஸ்னெல் விதி அதன்பிறகு அவளுடைய சொந்த விதி.

நம் ஊர் மேதையின் கதையும் இதையே சொல்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921இல் கப்பலில் வந்தபோது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதானா என்பதை ஒரு சிறு நிகோல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்துச் சோதித்தார். நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை அது மறைத்தபிறகும் கடல் நீலமாகவே இருந்தது. 1928 பிப்ரவரி 28இல் கண்டறியப்பட்ட ராமன் விளைவுக்கு வழிவகுத்த சோதனைகளில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் பயன்படுத்தியவை சூரிய ஒளி, நிற வடிகட்டிகள், திரவம் நிரப்பிய குடுவைகள், தங்கள் கண்கள். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். பல பள்ளிகளில் பேச்சுப்போட்டியோடு அந்த நாள் முடிந்துவிடுகிறது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்புவரை செய்முறை அறிவியலுக்காக 2022இல் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். மேல்வகுப்புகளிலும், தனியார் பள்ளிகளிலும் இது தொடர வேண்டும். தேர்வுக்காகப் பறிபோகும் செய்முறைப் பீரியட்களைத் தலைமையாசிரியர்கள் மீட்டுத் தர வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த ஒளிப்பாடத்தை வெயிலில் தொடங்குங்கள். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, லென்ஸைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கீழே விழுந்து உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பீரோவில் பத்திரமாக இருக்கும் லென்ஸால் எந்தக் குழந்தைக்கும் பயனில்லை.